எழுதியவர் போன பின்னும் ஓடும் நிரல்

கணிப்பொறியில் நிரல் எழுதுவது இன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கைவந்த கலையாகிவிட்டது. எழுதியவர் பக்கத்தில் இல்லாதபோதும் அந்த நிரல் மற்றவர்க்குப் பயன்பட வேண்டாமா? அதற்கான எளிய வழி ஒன்றை நம் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் ரயில்வேயில் இருந்தபோது பார்த்தது இது. ஓர் அலுவலகத்தில் ஒருவர் பாதைக் கணக்குகளுக்காக நிரல் எழுதி வைத்திருந்தார். விடை சரியாகத்தான் வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் நிரலைத் திறந்து, உள்ளே இருக்கும் பழைய எண்களை அழித்துப் புதியவற்றை இட வேண்டும். எந்த வரியில் எதை மாற்றுவது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவர் மாற்றலாகிப் போனதும் எல்லோரும் பழையபடி கால்குலேட்டரைக் கையில் எடுத்துவிட்டார்கள். அவருடைய பல மாத உழைப்பு வீணாயிற்று.

இந்தக் குறையைத் தீர்க்கப் பைத்தான் மொழியில் துணை நூலகங்கள் இருக்கின்றன. 'ஆர்க்பார்ஸ்' பைத்தானுடனேயே வருகிறது. அது தவிர 2014-ல் 'கிளிக்', 2017-ல் கூகுள் வெளியிட்ட 'ஃபயர்', 2019-ல் செபாஸ்டியன் ராமிரெஸ் எழுதிய 'டைப்பர்' ஆகியவையும் வந்தன. நிரலைத் திறக்காமல், திரையில் ஒரே வரிக் கட்டளை தட்டி அதை ஓட்ட வழி செய்வதே இவை அனைத்தின் வேலை.

என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். வளைவில் வெளிப்புறத் தண்டவாளத்தை உட்புறத்தைவிடச் சற்று உயர்த்தி வைப்போம். இதற்குக் 'கேன்ட்' என்று பெயர். அகலப் பாதைக்கு, வேகத்தின் வர்க்கத்தை 1750-ஆல் பெருக்கி, அதை 127, வளைவின் ஆரம் இவ்விரண்டின் பெருக்குத்தொகையால் வகுக்க வேண்டும். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், ஆரம் 875 மீட்டர் என்றால் விடை சுமார் 101 மில்லிமீட்டர். இது சமநிலை அளவு. சரக்கு வண்டிகளின் வேகத்தையும் பார்த்து, களத்தில் வைக்க வேண்டிய அளவைப் பொறியாளர்தான் முடிவு செய்வார்.

இந்தக் கணக்கைச் செய்து விடையை அச்சிட மூன்று வரி ஃபங்ஷன் போதும். வேகமும் ஆரமும் தசம எண்கள் என்று அதன் தலைப்பிலேயே குறித்துவிட்டு, கடைசி வரியில் ஃபங்ஷனை டைப்பரிடம் ஒப்படைத்தால் வேலை முடிந்தது. இனி நிரலின் பெயரைத் தட்டிப் பக்கத்தில் 80, 875 என்று கொடுத்தாலே விடை வரும். எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டினால், இது எண் அல்ல என்று சொல்லி நின்றுவிடும். ஹெல்ப் என்று கேட்டால் என்னென்ன தர வேண்டும் என்று பட்டியலிடும். ஃபங்ஷனின் தொடக்கத்தில் நாம் எழுதும் விளக்கமே அங்கே உதவிக் குறிப்பாக வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நூலகம் எண்ணா, எழுத்தா என்று பார்க்குமே தவிர, எந்த எண் எதற்கு என்று அறியாது. யாராவது 875, 80 என்று மாற்றித் தட்டிவிட்டால், தண்டவாளத்தை 131 மீட்டருக்கு மேல் உயர்த்தச் சொல்லும்! நம் குதுப்மினாரே சுமார் 73 மீட்டர்தான். ஆகவே இரண்டு எண்களையும் பெயர் சொல்லித்தான் தர வேண்டும் என்று வைத்துவிடுங்கள். அப்போது வரிசை மாறினாலும் விடை மாறாது. இவ்வளவுக்குக் குறையக் கூடாது, இவ்வளவுக்கு மிகக் கூடாது என்று எல்லையும் வகுக்கலாம். ஆரம் பூஜ்யம் என்று தட்டினால் வாசலிலேயே தடுத்துவிடும்.

இன்னொரு நல்ல செய்தி. பைத்தானின் மூன்றாம் பதிப்பிலிருந்து 'வேகம்', 'ஆரம்' என்று தமிழிலேயே பெயரிடலாம். உதவிக் குறிப்பையும் தமிழில் எழுதலாம்.

ஒரே ஒரு முறை போடும் கணக்குக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. மாதாமாதம் பலர் கையில் புழங்கும் கணக்குக்கு அவசியம் தேவை. நாளை நம் சங்கத்தின் சந்தாக் கணக்குக்கு எந்த இளைஞராவது நிரல் எழுதினால் இதை நினைவில் கொள்ள வேண்டும். பொருளாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அடுத்து வருபவர் யாரிடமும் கேட்காமல் அதை ஓட்டிப் பார்க்க முடிந்தால்தான் அது சங்கத்தின் சொத்து.