ஜூன் 30-க்கு அப்புறம் வந்த காசு

பிளேயரை நல்ல விலைக்கு வித்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 2024 மார்ச்சுல ஏன் 4 பாயிண்ட் வெட்டு? அப்போ இருந்த விதிப்படி பிரீமியர் லீக் கிளப் மூணு வருஷத்துல 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டப்படலாம்னு இருந்துச்சு. ஃபாரஸ்ட் அதுல ரெண்டு வருஷம் கீழ் டிவிஷன்ல இருந்ததால வரம்பு 6.1 கோடிதான், அதையும் 3.45 கோடி தாண்டிட்டாங்க.

கணக்கு முடியுற நாள் 2023 ஜூன் 30. பிரென்னன் ஜான்சனை டாட்டன்ஹாமுக்கு வித்தது செப்டம்பர் 1. சொந்த அகாடமில வளர்ந்த பையன், வாங்கின விலையே கிடையாது. அதனால வந்த காசு கணக்குல கிட்டத்தட்ட முழு லாபம். ஆனா அது அடுத்த வருஷக் கணக்கு! ரிலீஸ் முடிஞ்சப்புறம் கோடு மெர்ஜ் பண்ற கதைதான்.

அவசரமா வித்திருந்தா விலை குறைஞ்சிருக்கும்னு கிளப் வாதாடுச்சு. நியாயம்தான்னு எனக்குத் தோணுது. கமிஷன் ஏத்துக்கல. 6 பாயிண்ட்ல ஆரம்பிச்சு, தப்பை ஒத்துக்கிட்டு ஒத்துழைச்சதுக்கு 2 குறைச்சாங்க. அவ்வளவுதான்.