பொறியியல் பட்டம் மட்டும் போதுமா? காசு கட்டுமுன் கேட்க வேண்டியவை

கண்டி மஹய்யாவவில் ஒரு பிள்ளை உயர்தரத்தில் கணிதப் பிரிவை எடுத்தால் போதும், பக்கத்து வீட்டார் 'எஞ்சினியர் தம்பி' என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். மாநகரசபைத் தொழிலாளர் குடும்பங்களும் சிறு கடைக்காரர்களும் நெருங்கி வாழும் இடம் இது. பேராதனைப் பொறியியல் பீடமும் எட்டாத தூரத்தில் இல்லை. 1950 இல் கொழும்பில் தொடங்கி 1964 இல் பேராதனைக்கு வந்த பீடம் அது. ஆசை பிறக்கத்தான் செய்யும். இசட் புள்ளி கொஞ்சம் குறைந்து பீடம் கைநழுவிய பிறகுதான் கண்டி நகரத்துப் பதாகைகள் கண்ணில் படுகின்றன: வெளிநாட்டுப் பட்டம், யூ.ஜி.சி. அங்கீகாரம், படிப்பு முடிந்ததும் வேலை. நகையை அடகு வைத்து முதல் தவணை கட்டியாகிறது.

சிக்கல் நான்கைந்து வருடம் கழித்துத்தான் தெரியவரும். தொழில்சார் பரீட்சைக்கோ பதிவுக்கோ விண்ணப்பிக்கும்போது, 'உங்கள் தகைமை இந்தப் பிரிவுக்குப் பொருந்தாது' என்று பதில் வருகிறது. பரீட்சையில் தோற்றால் மறுமுறை எழுதலாம். பரீட்சைக்கு உட்காரவே தகுதியில்லை என்றால் என்ன செய்வது? அந்தத் தகுதி பெரும்பாலும் பாடநெறிக்குக் காசு கட்டிய அன்றே தீர்மானமாகிவிடுகிறது.

முதலில் நம் நாட்டு நிலவரம். 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தால் பொறியியல் பேரவை உருவானது. பொறியியல் தொழில் செய்வோர் அதில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பட்டயப் பொறியியலாளர் முதல் பொறியியல் டிப்ளோமாதாரர் வரை தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய தகைமை வேறு. பட்டயப் பொறியியலாளர் என்ற நிலைக்கு வழி இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம். 1906 இல் சங்கமாகத் தொடங்கி, 1968 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட அமைப்பு அது. அங்கே ஒருநாள் எழுத்துப் பரீட்சையோடு காரியம் முடியாது. ஏற்கப்பட்ட பட்டம், அதன் பிறகு பயிற்சி, பொறுப்போடு செய்த வேலை, அதை விளக்கும் அறிக்கை, மூத்த பொறியியலாளர்கள் முன் நேர்முகம் என்று படிப்படியாகப் போகும்.

இதெல்லாம் மேலே ஏறியவர்கள் தங்களுக்காகக் கட்டிய வேலி என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அதில் உண்மையே இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் 2020 செப்டெம்பர் 20 விடியற்காலையில் கண்டி பூவெலிக்கடையில் ஐந்து மாடிக் கட்டடம் சரிந்ததை இந்த ஊர் மறந்திருக்காது. கணவன், மனைவி, கைக்குழந்தை மூவரும் இறந்தார்கள். சரிவுகளில் தூண் நிறுத்தி வீடு கட்டும் மலைநகரம் இது. மண் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்த்துக் கையொப்பமிடுபவர் யார் என்பது இங்கே உயிர்ப் பிரச்சினை.

இனி விஷயத்துக்கு வருவோம். பெற்றோர் பெரும்பாலும் ஏமாறுவது 'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்லில். யூ.ஜி.சி. எனப்படும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறது என்றால், அது பட்டம் வழங்கத் தகுதியுள்ள பல்கலைக்கழகம் என்றுதான் அர்த்தம். அதன் பொறியியல் பாடநெறி தொழில் பதிவுக்குச் செல்லுமா என்பது தனிக் கேள்வி. அதற்கு வாஷிங்டன் உடன்படிக்கை என்ற சர்வதேச ஏற்பாடு ஒன்று 1989 இலிருந்து இருக்கிறது. உறுப்பு நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றொன்று சமமாக மதிக்கின்றன. இலங்கை 2014 இல் நமது பொறியியலாளர் நிறுவகத்தின் மூலம் முழு உறுப்பானது. இதில் கவனிக்க வேண்டியது, மதிப்பீடு பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. பாடநெறி வாரியாக, குறித்த காலத்துக்கு மட்டுமே கிடைக்கும். ஒரே கட்டடத்தில் சிவில் துறைக்கு இருக்கும், பக்கத்து அறையில் நடக்கும் புதிய துறைக்கு இன்னும் கிடைத்திருக்காது.

இன்னொரு குழப்பம் நம்மிடமே இருக்கிறது. உயர்தரத்தில் தொழினுட்பவியல் பிரிவு வந்தபின், பொறியியல் தொழினுட்பவியல் பட்டங்கள் பல பல்கலைக்கழகங்களில் ஆரம்பமாயின. நல்ல படிப்பு, கைத்திறன் மிக்க படிப்பு. ஆனால் பொறியியல் விஞ்ஞானமாணிப் பட்டமும் இதுவும் ஒன்றல்ல. தொழினுட்பவியலாளருக்கு சிட்னி உடன்படிக்கை என்ற வேறு தடம் உண்டு. மாணவரிடம் முதல் வருடத்திலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் அவருக்கு நட்டமில்லை. சொல்லாமல் விடுவதுதான் அநியாயம்.

தமிழ்நாட்டுக்கு அனுப்பிப் படிக்க வைக்கும் குடும்பங்கள் மலையகத்தில் குறைவில்லை. அவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியத் தொழினுட்பக் கல்விப் பேரவையான ஏ.ஐ.சி.டி.ஈ. தருவது கல்லூரி நடத்துவதற்கான அனுமதி. நாக் (NAAC) தரமதிப்பீடு கல்லூரியின் பொது நிலைக்கு. வாஷிங்டன் உடன்படிக்கைக்குக் கணக்கில் வருவது என்.பி.ஏ. என்ற அமைப்பு முதல் அடுக்கில் அங்கீகரித்த பாடநெறிகள் மட்டும். இந்தியாவும் 2014 இல்தான் உடன்படிக்கையில் சேர்ந்தது. இந்த வித்தியாசத்தைப் பலர் 2018 இல் குவைத்தில் கற்றுக்கொண்டார்கள். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க குவைத் பொறியியலாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்று அந்நாடு விதித்தது. படித்த கல்லூரிக்கு என்.பி.ஏ. இல்லாத ஆயிரக்கணக்கான இந்தியப் பொறியியலாளர்கள், அதுவும் பல வருட அனுபவத்தோடு, பதவிப் பெயரை மாற்றிக்கொண்டோ ஊருக்குத் திரும்பியோ சமாளிக்க நேர்ந்தது.

தொலைக்கல்வியில் பொறியியல் என்று யாராவது சொன்னால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். 2017 நவம்பர் 3 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், உரிய அனுமதியின்றி சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைக்கல்வியில் தந்த பொறியியல் பட்டங்களை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டின் சேலத்து நிறுவனம் ஒன்றும் அதில் அடக்கம். 2001 முதல் 2005 வரை சேர்ந்தோரின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஏ.ஐ.சி.டி.ஈ. நடத்தும் தேர்வில் இரண்டு வாய்ப்புக்குள் தேறினால்தான் பட்டம் மீளும் என்று சொல்லப்பட்டது. அதன் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை, பட்டமே ரத்து. பதவி உயர்வு பெற்று மேலே போனவர்கள் நடுத்தர வயதில் மறுபடி பரீட்சைக்கு உட்கார்ந்தார்கள். கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரவும் நீதிமன்றம் வழி செய்தது. போன வருடங்களை யார் திருப்பித் தருவது?

இலங்கையின் திறந்த பல்கலைக்கழகத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சட்டப்படி அமைந்த அரச பல்கலைக்கழகம் அது. கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில், நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேலை செய்துகொண்டே பொறியியல் படிக்க நினைக்கும் வறிய வீட்டுப் பிள்ளைக்கு என் கணிப்பில் இதுவே நேர்மையான வழி. எந்தச் சிறப்புத் துறைக்குப் பொறியியலாளர் நிறுவகத்தின் ஏற்பு இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டு சேருங்கள்.

வெளிநாடு என்றால் விதிகள் மாறும். அமெரிக்காவில் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம். வழக்கமாக ஏற்கப்பட்ட பட்டம், அடிப்படைப் பரீட்சை, ஏறத்தாழ நாலு வருட அனுபவம், அதற்குப் பின் தொழில்முறைப் பரீட்சை. கனடாவின் ஒன்ராறியோவில், நம்மவர் அதிகம் வாழும் மாகாணத்தில், 'கனடிய அனுபவம்' வேண்டும் என்ற விதி 2023 மே மாதம் நீக்கப்பட்டது. அனுபவமே வேண்டாம் என்பதல்ல, எந்த நாட்டில் பெற்றது என்ற பாகுபாடு போய்விட்டது, அவ்வளவுதான். அவுஸ்திரேலியாவில் உடன்படிக்கைக்குள் வராத பட்டம் என்றால் திறன் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் காசுக்கு எழுதித் தருகிறோம் என்று ஆள் பிடிப்பவர்களிடம் போகாதீர்கள். நகல் என்று பிடிபட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாவதோடு தடையும் விழும்.

அனுபவத்தை நிரூபிப்பது தனிச் சோதனை. துணை ஒப்பந்தகாரரிடம் கையில் சம்பளம் வாங்கிக்கொண்டு மூன்று வருடம் சைட்டில் நின்ற பையனிடம் என்ன ஆதாரம் இருக்கும்? ஊழியர் சேமலாப நிதி கட்டப்பட்டிருந்தால், அந்தப் பதிவே அவன் அங்கே வேலை செய்தான் என்பதற்குச் சாட்சி. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கண்டித் தொழில் அலுவலகத்தில் முறையிட ஊழியருக்கு உரிமை உண்டு. முறைப்பாடு தமிழிலேயே எழுதலாம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, என்ன வேலை செய்தோம் என்ற குறிப்பேடு, மேற்பார்வைப் பொறியியலாளரின் கையொப்பம் எல்லாவற்றையும் மாதாமாதம் சேர்த்து வையுங்கள். கம்பனி மூடிய பிறகு ஐயாவைத் தேடிப்போய்க் கையொப்பம் கேட்பது நடக்காத காரியம்.

மலையகத்தாருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு, பெயர். பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில், தகப்பன் பெயர் முன்னே. பாடசாலைச் சான்றிதழில் அது முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும். அடையாள அட்டையின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எச் கூடியிருக்கும், கடவுச்சீட்டில் குறைந்திருக்கும். இந்த ஊரில் எல்லாருக்கும் அவன் ஒரே ஆள். ரியாத்திலோ டொரொன்டோவிலோ ஆவணம் சரிபார்க்கும் அலுவலருக்கு அவன் நாலு பேர். பட்டச் சான்றிதழ் அச்சாகும் முன்பே இதைச் சரிசெய்வதுதான் லேசு. பிறப்புப் பதிவுத் திருத்தத்துக்குப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விசாரியுங்கள். சின்ன வித்தியாசங்களுக்குச் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி கொடுத்தால் சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் ஏற்கமாட்டார்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்யலாம்? நிராகரிப்புக் கடிதத்தை எழுத்தில், காரணத்தோடு கேட்டு வாங்குங்கள். காரணம் தெரிந்தால்தான் மேலதிகப் பாடங்களா, வேறு பிரிவில் பதிவா என்று தீர்மானிக்க முடியும். இணைப் பொறியியலாளராகவோ டிப்ளோமாதாரராகவோ சட்டப்படி பதிந்து வேலை செய்வதில் கேவலம் ஒன்றுமில்லை. விளம்பரத்தில் பொய் சொல்லிச் சேர்த்தார்கள் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் போகலாம். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதால் காலம் கடத்தாதீர்கள். துண்டுப்பிரசுரம், வாட்ஸ்அப் செய்தி, பற்றுச்சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள். தொழிற்பயிற்சி நிறுவனம் என்றால் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். மானியங்கள் ஆணைக்குழுவோ பொறியியல் பேரவையோ கேள்விக்குப் பதில் தராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தரலாமா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும்.

முதல் தவணை கட்டுவதற்கு முன் நிறுவனத்திடம் மூன்று விஷயம் கேளுங்கள். இந்தப் பாடநெறியைத் தொழில் பதிவுக்கு ஏற்றது எந்த அமைப்பு, எந்த வருட மாணவர்களுக்கு அந்த ஏற்பு பொருந்தும், முடித்தால் எந்தப் பிரிவில் பதியலாம். பதிலைக் கடிதத் தலைப்பில், கையொப்பத்தோடு வாங்குங்கள். பிறகு அந்த அமைப்பின் பட்டியலை நீங்களே பார்த்து உறுதிப்படுத்துங்கள். வாயால் மட்டும் சொல்லி, எழுதித் தர மறுக்கும் இடத்தில் காசு கட்டாதீர்கள்.