இழியும் நீர்

பொதிகை மலையிலிருந்து இழிந்து வரும் நீரே தாமிரபரணி. 'இழிதல்' என்னும் சொல்லுக்கு இறங்குதல், வழிதல் என்பன பழம்பொருள்கள். உடலிலிருந்து நீர் மிகுதியாக வழிந்து வெளியேறும் நோய்க்கு 'நீரிழிவு' என்னும் பெயர் அப்பொருளிலேயே அமைந்தது. இழிவு என்றால் தாழ்வு என்று மட்டுமே அறிந்த இன்றைய செவிக்கு இப்பெயர் உறுத்தலாம். உண்மையில் அதில் இழுக்கு ஏதுமில்லை. 'டயாபடீஸ்' என்னும் கிரேக்கப் பெயருக்கும் ஊடாகக் கடந்து செல்வது என்பதே பொருள்.

நீர் ஏன் வழிகிறது? உண்ட சோறு செரித்துக் குளுக்கோஸாகிக் குருதியில் கலக்கிறது. அது செல்களுக்குள் நுழைய உதவும் ஹார்மோன் இன்சுலின். கணையத்தில் உள்ள லாங்கர்ஹான்ஸ் திட்டுகளின் பீட்டா செல்கள் அதனைச் சுரக்கின்றன. அச்செல்கள் அழிந்துபோனால் வருவது முதல்வகை நீரிழிவு. பெரும்பாலும் இளமையிலேயே தோன்றும். சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காமல், நாளடைவில் சுரப்பும் குறைவதால் வருவது இரண்டாம் வகை. நோயாளிகளில் மிகப் பெரும்பான்மையோர் இவ்வகையினரே. குருதியில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமுக்கு மேல் குளுக்கோஸ் சேரும்போது சிறுநீரகங்களால் அதனை முழுவதும் மீட்க இயலாது. சிறுநீரில் இறங்கும் சர்க்கரை, நீரையும் உடன் இழுத்துச் செல்கிறது. அதனால் தாகம் மிகுகிறது. செல்களோ பட்டினி கிடக்கின்றன. அதனால் சோர்வும் பசியும் எடைக்குறைவும் உண்டாகின்றன.

இவ்வறிகுறிகள் தோன்றும்வரை காத்திருப்பதில்தான் ஆபத்து உள்ளது. இரண்டாம் வகை நீரிழிவு பல ஆண்டுகள் ஓசையின்றி உடலில் தங்கும். வெறும் வயிற்றில் குருதிச் சர்க்கரை 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நீரிழிவு. அறிகுறி இல்லாதவர்க்கு மற்றுமொரு சோதனையால் அதனை உறுதிசெய்வர். கடந்த மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் காட்டும் 'எச்பிஏ1சி' சோதனையில் 6.5 விழுக்காடு என்பது எல்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடு, அதாவது, ஏழு பெரியவர்களில் ஒருவர்.

அல்வாவும் சோறும்

திருநெல்வேலி என்றதும் அல்வா நினைவுக்கு வரும். நீரிழிவு என்றதும் பழியும் அதன்மேல் விழும். கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த அப்பண்டம் நீரிழிவு உடையோர்க்கு ஏற்றதன்று என்பது மெய்யே. ஆயினும், அல்வா என்றோ ஒருநாள் வாங்குவது. சோறு நாள்தோறும் உண்பது. கன்னடியன், மருதூர், திருவைகுண்டம் முதலிய அணைக்கட்டுகளின் கால்வாய்கள் காரும் பிசானமும் விளைவிக்கும் நாட்டில், காலை இட்டலி முதல் இரவு உணவுவரை அரிசியே ஆள்கிறது. நாற்று நடுவதும் கதிர் அறுப்பதும் கையால் நடந்த காலத்தில் அந்த மாவுச்சத்தை உழைப்பு எரித்தது. அரிசியும் உமி மட்டும் நீங்கித் தவிட்டோடு இருந்தது. இன்று வயலுக்கு இயந்திரம் வந்துவிட்டது. தட்டில் வெள்ளைச் சோற்றின் அளவு குறையவில்லை. தட்டில் பாதியைக் காய்கறியும் கீரையும் நிறைக்க, கால்பங்கு பருப்போ மீனோ இருக்க, எஞ்சிய கால்பங்கில் சோறு அடங்க வேண்டும்.

கருப்பட்டி தீங்கு செய்யாது என்பது தென்மாவட்டங்களில் வேரூன்றிய நம்பிக்கை. பதநீரைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். குருதி அதற்கு விலக்கு அளிப்பதில்லை. ஆனால், மருந்து உண்டவர் வேளைக்கு உண்ணாமல், சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் தாழ்ந்து, வியர்த்து நடுங்கும்போது அதே இனிப்பு உயிர் காக்கும். அவர் நினைவோடு இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே பருகச் செய்ய வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்ல வேண்டும்.

உணராத பாதம்

கட்டுக்குள் வராத சர்க்கரை விழித்திரையையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுக்கும். சேற்றில் இறங்கி உழைப்போர்க்கு அது முதலில் காலில் வந்து நிற்பதுண்டு. நீண்ட நரம்புகள் முன்னதாகப் பழுதுபடுவதால் பாதம் மரத்துப்போகிறது. வரப்பில் கிடந்த சீமைக்கருவேல முள் தைத்ததும் தெரியாது. குத்திய இடம் சீழ்பிடித்ததும் தெரியாது. வலி இல்லாததால் மருத்துவரிடம் செல்லவும் தோன்றாது. குருதியோட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாமல் அழுகி, விரலையோ காலையோ அகற்ற நேரிடும். வலி ஒரு காவலன் என்பது அதனை இழந்தபின்தான் விளங்குகிறது. நடவு வயலில் செருப்பணிதல் இயலாது. ஆகவே, கரையேறியதும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கின் ஈரத்தைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். குனிய முடியாத முதியவர்க்கு இதனைப் பேரப்பிள்ளைகள் செய்யலாம். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கும் முறை எளியது. ஒருசில நிமிடங்களே ஆகும்.

மாத்திரையை இடையில் நிறுத்துவதே சிகிச்சையில் பெருந்தடை. கூலிக்குச் செல்வோர் ஒருநாள் ஊதியத்தை விட்டு மருத்துவமனையில் காத்திருக்கத் தயங்குவர். 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நீரிழிவு, உயர் இரத்த அழுத்த மருந்துகளை வீட்டிற்கே கொண்டுவருகிறது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருப்பதால் ஆவாரைக் குடிநீர் போன்றவற்றை நாடுவோரும் இப்பகுதியில் உண்டு. எம்மருந்தையும் இரு மருத்துவர்க்கும் தெரிவித்தே உட்கொள்ள வேண்டும்; தாமாக இன்சுலினை நிறுத்துதல், குறிப்பாக முதல்வகை நோயினர்க்கு, உயிருக்கே கேடாகும்.

1921இல் டொராண்டோவில் பேண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் முன்னர், முதல்வகை நீரிழிவு கண்ட குழந்தைகள் பிழைத்ததில்லை. மறு ஆண்டு சனவரியில் அம்மருந்தை முதலில் பெற்றவன் 14 வயதுச் சிறுவன். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். பிரிக்காத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்தல் வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், பெரிய மண்பானைக்குள் சிறு பானையை இறக்கி, இடையில் ஈரமணல் இட்டு, உள்ளே குப்பியை வைத்து மூடுவர். அத்தகைய குளிர்ச்சி எட்டாவிட்டாலும், சித்திரை வெயிலில் மருந்து கெடாதிருக்க அவ்வீரம் துணைபுரியும். மணல் காயாதபடி நாள்தோறும் நீர் தெளித்துவர வேண்டும்.