மாறுகண் அதிர்ஷ்டக் கண்ணா?

1992-ஆம் ஆண்டு பொங்கலுக்கு எடுத்த ஒரு புகைப்படம் எங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் கூடிய விழா அது. பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு, கையில் கரும்புத் துண்டோடு நிற்கிறாள் என் மூத்த பெண். அப்போது அவளுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. வலது கண் நேரே கேமராவைப் பார்க்கிறது. இடது கண் மூக்கைப் பார்க்கிறது.

படத்தைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரிடம் காட்டினேன். அவர்கள் சிரித்தார்கள். "அது அதிர்ஷ்டக் கண்ணும்மா. எங்க சித்திக்கும் இப்படித்தான் இருந்தது. கல்யாணம் ஆகிப் போன இடத்தில் பொன்னா விளைஞ்சுது. நீ பாட்டுக்கு டாக்டர் கீக்டர்னு போயி அதில் கை வைக்காதே" என்றார்கள். அத்தை சொன்னதை நானும் விரும்பியே ஏற்றுக்கொண்டேன் என்பதை மறைப்பானேன்? ஆஸ்பத்திரி என்றால் எனக்குப் பயம். 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று அக்கம்பக்கத்தில் சொன்னதும் எனக்கு வசதியாகப் போயிற்று.

1995-இல் அவள் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்தது. இடது கண்ணை மறைத்தபோது எல்லா வரியையும் படித்தாள். வலது கண்ணை மறைத்ததும், "எழுத்தே இல்லையே மிஸ்" என்றாளாம். டீச்சர் கொடுத்தனுப்பிய சீட்டோடுதான் முதன்முதலாகக் கண் டாக்டரிடம் போனோம். நீண்ட நேரம் சோதித்துவிட்டு, "இத்ரேம் நாள் எவிடெயாயிருந்நு?" என்று அவர் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. நம் குடும்பங்களில் வேறு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டி வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தமிழில் மாறுகண் என்கிறோம். கேலி செய்பவர்கள் ஒன்றரைக்கண் என்பார்கள். தெற்கே வாக்குக்கண் என்றும் சொல்வதுண்டு. இங்கே மலையாளத்தில் கோங்கண்ணு. பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான்: இரண்டு கண்களும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. ஒரு கண் நேராக இருக்க, மற்றது உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும். சிலருக்கு மேலே அல்லது கீழே. சிலருக்கு எப்போதும் இருக்கும். சிலருக்குக் களைப்பிலும் காய்ச்சலிலும் மட்டும் தலைகாட்டும்.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. மாட்டு வண்டியில் இரண்டு மாடுகளும் சேர்ந்து திரும்புவதுபோல, இரு கண்களின் பன்னிரண்டு தசைகளும் மூளையின் உத்தரவுப்படி சேர்ந்து இயங்க வேண்டும். அப்போதுதான் இரண்டு கண்களில் விழும் படங்களையும் மூளை ஒன்றாகச் சேர்த்து, எது கிட்டே, எது எட்டே என்று கணக்கிடும். ஒரு கண் விலகினால் இரண்டு வெவ்வேறு படங்கள் போய்ச் சேரும். பெரியவர்களுக்கு இப்படி நேர்ந்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். சின்னக் குழந்தையின் மூளையோ கெட்டிக்காரத்தனமாக, விலகிய கண்ணின் படத்தை வேண்டாம் என்று தள்ளிவிடும். ஆகவே குழந்தை எந்தக் குறையும் சொல்லாது. ஓடும், ஆடும், படிக்கும். தள்ளப்பட்ட அந்தக் கண் மட்டும் பார்க்கக் கற்றுக்கொள்ளாமலே நின்றுபோகும். இதைச் சோம்பேறிக் கண் என்கிறார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கோளாறும் இராது. கோளாறு கண்ணுக்கும் மூளைக்கும் உள்ள பழக்கத்தில். ஹ்யூபெல், வீசெல் என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்துச் செய்த ஆராய்ச்சிகள், இளம் பருவத்தில் வேலையில்லாமல் கிடக்கும் கண்ணுக்கு மூளையில் இடம் குறைந்துபோகிறது என்று காட்டின. 1981-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இது ஏன் வருகிறது? தொட்டிலுக்கு மேலே பொம்மையைக் கிட்டக் கட்டியதால் என்பார்கள். விளக்கையே பார்த்துக்கொண்டு கிடந்ததால் என்பார்கள். என் மீதும் இந்தக் குற்றச்சாட்டுகள் வந்தன. இரண்டும் காரணமல்ல என்று டாக்டர் சொன்னபோது பாதி பாரம் இறங்கியது. பல குழந்தைகளுக்குச் சரியான காரணம் தெரிவதில்லை. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடுதல். (அத்தையின் சித்தியை நினைத்துக்கொள்ளுங்கள்!) குறை மாதத்தில் பிறந்தவர்களுக்கும் கூடுதல். கிட்டத்துப் பொருளைப் பார்க்க அதிகம் சிரமப்படும் ப்ளஸ் பவர் உள்ள குழந்தைகளுக்கு, அந்தச் சிரமத்திலேயே கண் உள்ளே இழுத்துக்கொள்ளும். டச்சு மருத்துவர் டாண்டர்ஸ் இந்தத் தொடர்பை 1864-லேயே விளக்கிவிட்டார். என் மகளுக்கு முக்கியக் காரணம் இதுதான்.

இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். அபூர்வமாக, கண்ணுக்குள் வளரும் புற்றுக்கட்டியின் முதல் அடையாளமாகவும் மாறுகண் வரலாம். ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. குழந்தைக்கு வரும் கண்புரையும் இப்படி வெள்ளையாகத் தெரியும். அதற்கும் அவசரம்தான்.

பிறந்த குழந்தையின் கண் அவ்வப்போது அங்குமிங்கும் போவது சகஜம். நாலு மாதத்துக்கு மேலும் போனால் காட்ட வேண்டும். சில குழந்தைகளுக்கு மூக்குத்தண்டு அகலமாக இருப்பதால் மாறுகண் போலத் தோன்றும், உண்மையில் இராது. வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு கை தூரத்திலிருந்து சின்ன டார்ச்சைக் காட்டினால் இரு கண்மணிகளிலும் ஒளிப்புள்ளி ஒரே இடத்தில் விழ வேண்டும். ஒரு கண்ணை மூடினால் சும்மா இருந்து, மற்றதை மூடினால் மட்டும் குழந்தை கையைத் தட்டிவிட்டு அழுதால், அது சேட்டை என்று நினைக்காதீர்கள். ஆனால் டார்ச்சை நம்பி முடிவு செய்ய வேண்டாம். அது டாக்டரின் வேலை.

சிகிச்சைக்கு வருவோம். முதலில் மருந்து போட்டுக் கண்மணியை விரித்துப் பவர் பார்த்தார்கள். கண்ணாடி போட்டதும் கண் பாதிக்கு மேல் நேராகிவிட்டது. நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். டாக்டரோ நல்ல கண்ணை மூடி ஒட்டச் சொன்னார். சோம்பிக் கிடக்கும் கண்ணுக்கு வேலை கொடுக்க அதுதான் வழியாம். வழி புதிதல்ல. ஃபிரான்ஸ் நாட்டு புஃபோன் 1743-லேயே இதைச் சொல்லியிருக்கிறார்.

சொல்வது எளிது. திருவனந்தபுரத்தின் வேர்வையில் பிளாஸ்திரி ஒட்டாது. ஒட்டினால் தோல் சிவக்கும். சரியாகத் தெரியாத கண்ணோடு பள்ளிக்குப் போக எந்தக் குழந்தைதான் சம்மதிக்கும்? பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் மாதம் தினமும் அழுகை, என்னுடையதும் சேர்த்து. அப்புறம் விளையாட்டாக்கினோம். அரிசியில் கல் பொறுக்குவாள், பிச்சிப்பூ தொடுப்பாள், மணி கோப்பாள். அவள் அப்பா பிளாஸ்திரியில் பூனை, மீன் என்று படம் வரைந்து கொடுப்பார். அந்நாளில் எங்களுக்கு விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். பிறகு அமெரிக்காவில் 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஓரளவு குறை உள்ள குழந்தைகளுக்குத் தினம் 2 மணி நேரம் ஒட்டுவதே 6 மணி நேரத்துக்கு ஒப்பான பலன் தருகிறது என்று காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு, நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு மங்கலாக்குவதும் ஏறக்குறைய அதே பலன் தரும் என்று தெரிந்தது. இந்தக் காலத்துத் தாய்மார்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் எவ்வளவு நேரம், எத்தனை மாதம் என்பதை டாக்டரே சொல்ல வேண்டும். அளவுக்கு மீறினால் நல்ல கண்ணே மங்கக்கூடும்.

மீதியிருந்த கோணலுக்கு 1996-இல் ஆபரேஷன். "கண்ணை வெளியே எடுத்து வைத்துத் தைப்பார்கள்" என்று ஒரு மாமி சொல்லி என் தூக்கத்தைக் கெடுத்திருந்தார். அப்படி ஒன்றுமில்லை. விழிக்கு உள்ளே கத்தி போவதே இல்லை. விழியின் வெளிப்புறத்தில் தசை ஒட்டியிருக்கும் இடத்தைச் சில மில்லிமீட்டர் தள்ளித் தைப்பார்கள், அல்லது தசையைச் சற்றுக் குறுக்கி இழுத்துத் தைப்பார்கள். குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான். 1839-இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற மருத்துவர் ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இந்த ஆபரேஷனைச் செய்தபோது மயக்க மருந்து புழக்கத்துக்கே வரவில்லை. அந்தத் தாயின் கதியை நினைத்துப் பார்த்தேன். என் மகளுக்குச் சில வாரம் கண் சிவந்திருந்தது, அவ்வளவே. சிலருக்கு இரண்டாம் முறையும் தேவைப்படலாம். ஆபரேஷனுக்குப் பிறகும் கண்ணாடி வேண்டியிருக்கலாம். ஆபரேஷன் கண்ணை நேராக்கும், சோம்பேறிக் கண்ணின் பார்வையை வளர்த்துத் தராது. அந்த வேலை கண்ணாடிக்கும் பிளாஸ்திரிக்கும் உரியது. சிலருக்குத் தசையில் போட்டாக்ஸ் ஊசியும் போடுகிறார்கள். இன்று அழகு நிலையங்களில் பேசப்படும் அந்த மருந்துக்கு அமெரிக்க அரசு 1989-இல் அனுமதி அளித்ததே மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும்தான்.

இவ்வளவும் செய்து என்ன கிடைத்தது? கண் நேராயிற்று. தலைகுனிந்து நடந்தவள் நிமிர்ந்தாள். மேல் வரி ஒன்றை மட்டும் படித்த இடது கண் நாலு வரி படித்தது. அதற்கு மேல் ஏறவில்லை. 1997-இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' மறுபடி தியேட்டருக்கு வந்தது. 1984-இல் நம் நாட்டின் முதல் முப்பரிமாணப் படமாக வந்ததுதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் எல்லோரும் கூச்சலிட்டு, திரையிலிருந்து நீண்டு வருவதைப் பிடிக்கக் கையை நீட்டினார்கள். என் மகள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அம்மா, எல்லாரும் எதைப் பிடிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அறுபது வயதில் திடீரென்று ஒரு கண் திரும்பி, எல்லாம் இரண்டாகத் தெரிந்தால் அது வேறு சங்கதி. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கண்ணுக்குப் போகும் நரம்பைத் தாக்கியிருக்கலாம். பல சமயம் சில மாதங்களில் சரியாகிவிடும். ஆனால் மூளையில் ஏதேனும் கோளாறின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறு வயதிலிருந்தே மாறுகண் உள்ள பெரியவர்களும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம், வயது தடையில்லை.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: இங்கே ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், ஊரார் கண்ணாசுபத்திரி என்று சொல்லும் அரசுக் கண் மருத்துவ நிலையம் 1905-இல் தொடங்கியது. ஊருக்குப் போகும்போது காட்ட நினைப்பவர்களுக்குத் திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியதன் கிளை. எங்கே போனாலும் குழந்தைக் கண் மருத்துவமும் மாறுகண்ணும் பார்க்கும் பிரிவு எது என்று கேட்டுப் போங்கள்.

என் மகளுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. ஒரு வயதிலேயே கொண்டுபோய்க் காட்டினாள், யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ப்ளஸ் பவர்தான். கண்ணாடி போட்டால் இரண்டு கண்ணும் நேராக நிற்கின்றன. பேத்தி அதைக் கழற்றித் தண்ணீர் வாளியில் போடுகிறாள். நான் எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டுகிறேன். இந்த மாதத்தில் இது இரண்டாவது ஃப்ரேம்.