பழைய அட்டையும் புதிய கணினியும்

பழுதுபடாத பொருளொன்று பயன்படாது போவதேன்? கணினி பயில்வோர் பலர்க்கும் எழும் ஐயம் இது. முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒலி அட்டையோ வலையமைப்பு அட்டையோ இன்றும் குற்றமின்றி இருக்கலாம். ஆயினும் இக்காலக் கணினி அதனை ஏற்பதில்லை. இதன் காரணத்தை ஈண்டு ஒருவாறு விளக்க முற்படுகின்றோம்.

ஐ. பி. எம். நிறுவனம் 1981 இல் வெளியிட்ட தனியாள் கணினியின் தாய்ப்பலகையிலே 5 செருகுவாய்கள் இருந்தன. ஒலி, படம் முதலிய வேலைகளுக்கு வேண்டும் அட்டைகளை வாங்கி அவற்றிற் செருகிக்கொள்ளலாம். 1984 இல் விரிவுபெற்ற இம்முறையே பின்னர் ஐ. எஸ். ஏ. எனப் பெயர் பெற்றது. அட்டையைச் செருகிவிட்டால் மட்டும் அது தொழிற்படாது. பணிசெயல் முறைமையின் கட்டளையை அட்டை அறியும் சைகையாக மாற்றித் தரும் மென்பொருளொன்றும் வேண்டும். அதனைச் செலுத்தி என்பர். இருவரிடை நிற்கும் மொழிபெயர்ப்பாளனை அஃது ஒக்கும்.

ஐ. எஸ். ஏ. அட்டைகளுள் முந்தியவை தம் பெயரைத் தாமே சொல்ல அறியாதவை. இன்ன முகவரி, இன்ன அழைப்புக் கம்பி என்பவற்றை அட்டையிலுள்ள சிறு செருகிகளை மாற்றி மனிதரே குறித்தல் வேண்டும். சவுண்ட் பிளாஸ்ரர் 16 என்னும் ஒலி அட்டைக்குப் பதினறும எண்முறையில் 220 என்னும் முகவரியும் 5 ஆம் அழைப்புக் கம்பியும் வழக்கமாயின. இரண்டு அட்டைகள் ஒன்றையே பற்றின் இரண்டும் முடங்கும். அட்டையைத் தேடும் பணிசெயல் முறைமையோ ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தல் வேண்டும். தவறான கதவைத் தட்டின் கணினியே உறைந்துவிடுதலும் உண்டு. அன்றியும், ஐ. எஸ். ஏ. முறையில் முகவரிக் கம்பிகள் 24 ஆதலின், அட்டை தானாகச் சென்றடையத்தக்க நினைவகம் 16 மெகாபைற்று மட்டுமே. இதன்பொருட்டு லினக்ஸ் நினைவகத்தின் முதல் 16 மெகாபைற்றைத் தனிப் பகுதியாகப் பிரித்து வைத்தது.

1992 இல் இன்ரெல் நிறுவனம் வகுத்த பி. சி. ஐ. முறை இக்குறையைப் போக்கிற்று. ஒவ்வோர் அட்டையும் தன்னை ஆக்கினோர் எண்ணையும் தன் வகை எண்ணையும் கேட்டவுடன் கூறும். 2003 இல் வந்த பி. சி. ஐ. எக்ஸ்பிரஸ் கம்பிகளின் அமைப்பை மாற்றினும், வினவும் முறையை மாற்றவில்லை. ஆதலின் இடையிலே பாலமாக ஒரு சில்லை வைத்துப் பழைய பி. சி. ஐ. அட்டையையும் புதிய கணினியிற் பொருத்தலாம்.

செருகுவாய் கிடைத்தும் செலுத்தி கிடையாமையே பெருந்தடை. 64 பிற்று விண்டோஸ் 32 பிற்றுச் செலுத்திகளை ஏற்பதில்லை. 2021 இல் வந்த விண்டோஸ் 11 இற்கு 32 பிற்றுப் பதிப்பே இல்லை. அட்டையை ஆக்கிய நிறுவனம் புதிய செலுத்தியை எழுதாது விட்டால் அட்டை ஊமையாகும். லினக்ஸின் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருத்தலின், வல்லார் ஒருவர் தாமே திருத்திக்கொள்ளலாம். ஆயினும் அங்கும் எல்லை உண்டு. 1987 இல் ஐ. பி. எம். புகுத்திய மைக்ரோ சனல் முறைக்கான ஆதரவு, 2012 இல் வெளிவந்த லினக்ஸ் 3.5 பதிப்பில் நீக்கப்பட்டது. முறைமையின் உள்ளமைப்பு மாறுந்தோறும் செலுத்திகளையும் மாற்றல் வேண்டும். மாற்றியது சரியோ என அட்டையைக் கையில் வைத்துச் சோதிப்பார் இல்லையெனின், அந்நிரல் பிறர்க்குச் சுமையாகும்.

இது விளையாட்டான செய்தியன்று. அளவைக் கருவிகளும் தொழிற்சாலைப் பொறிகளும் இத்தகைய அட்டைகளால் இயங்குதல் உண்டு. அட்டை பயனற்றுப்போயின், அதனொடு விலையுயர்ந்த கருவியும் பயனற்றுப்போகும். அவற்றை உடையோர் பழைய கணினியை வலையமைப்பினின்று பிரித்து அப்பணிக்கே வைத்திருத்தல் ஒரு வழி. அட்டையின் செயலை மென்பொருளால் நடித்துக்காட்டுதல் இன்னொரு வழி. சவுண்ட் பிளாஸ்ரர் அட்டைக்காக எழுதிய பழைய விளையாட்டுகள் இன்றும் இவ்வாறே ஒலிக்கின்றன. எவ்வழியாயினும் அட்டையின் கையேடு வேண்டும். அதனைப் படித்தறிவாரும் வேண்டும்.

அலுமாரியிற் பூட்டிய ஏட்டை வாசிப்பார் இல்லையேல் ஏடு இருந்தும் இல்லாததே. அட்டையும் அத்தன்மையதே. ஆதலின் பழைய அட்டையொன்று கைக்கு வருமாயின், அதன் கையேட்டையும் செலுத்தித் தட்டையும் எறிந்துவிடாது உடன் வைத்துப் பேணுமாறும், அதன் மொழியைச் சிறிதேனும் பயிலுமாறும் மாணவரை வேண்டுகின்றோம்.