கண்ணுக்குள் பார்க்கும் ஒளி

வயது அறுபதைத் தாண்டிய நம்மில் பலர், பார்வை மங்கினால் "புரை விழுந்திருக்கும்" என்றோ "கண்ணாடி மாற்ற வேண்டும்" என்றோ நாமே முடிவு கட்டிவிடுகிறோம். விழித்திரையின் நடுவிலும் கோளாறு வரலாம். அதை ஊசியின்றி, வலியின்றிக் கண்டறியும் ஒரு பரிசோதனையை அன்பர்களுக்கு விளக்குவதே என் நோக்கம்.

கண்ணின் பின்சுவரில் படிந்திருப்பது விழித்திரை. அதன் நடுப்பகுதிக்கு மக்யூலா என்று பெயர். எழுத்து வாசிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், எதிரே வருபவரின் முகத்தை அறிவதும் இந்தச் சிறிய இடத்தின் வேலை. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து அங்கே நீர் கோத்துக்கொள்ளும். முதுமையினாலும் அப்பகுதி பழுதுபடும். அப்போது கோலத்தின் நேர்கோடுகூட நெளிந்து தெரியலாம். வலி இருக்காது. ஒரு கண்ணின் குறையை மறு கண் ஈடு செய்துவிடுவதால், பலருக்கு நோய் வந்ததே தெரிவதில்லை.

1961-ல் அமெரிக்காவில் நோவோட்னி, ஆல்விஸ் எனும் இருவர், கை நரம்பில் சாயம் செலுத்தி விழித்திரையைப் படம் எடுக்கும் முறையை வெளியிட்டனர். இன்றும் தேவைக்கேற்ப அது பயன்படுகிறது. ஆனால் சிலருக்குக் குமட்டல் வரும், அரிதாக ஒவ்வாமையும் ஏற்படும். 1991-ல் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ ஆகியோரைக் கொண்ட குழு, ஒளியை மட்டும் கொண்டு படம் எடுக்கும் ஓ.சி.டி. முறையை அறிவித்தது. இதற்காக 2023-ல் இவ்விருவரும் எரிக் சுவான்சனும் லாஸ்கர் விருது பெற்றனர்.

மலைக்கு எதிரே கை தட்டினால் எதிரொலி திரும்பி வருகிறது. அது வரும் நேரத்தைக் கொண்டு மலையின் தூரத்தைக் கணக்கிடலாம். ஓ.சி.டி.யில் ஒலிக்குப் பதில் ஒளி. ஒளி திரும்பி வரும் நேரத்தைச் சாதாரணக் கடிகாரத்தால் இவ்வளவு நுட்பமாக அளக்க முடியாது. ஆதலால் கண்ணிலிருந்து திரும்பும் ஒளியை, அதே விளக்கிலிருந்து பிரித்தெடுத்த மற்றோர் ஒளியுடன் சேர்த்து ஒப்பிடுகிறார்கள். குவே லாப்பிஸை வெட்டினால் அடுக்குகள் தெரிவதைப் போல, விழித்திரையின் அடுக்குகள் திரையில் தெரியும். கால் மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள மக்யூலாவில் எங்கே வீக்கம், எங்கே நீர் என்று மருத்துவர் அளந்து சொல்வார். சிகிச்சைக்குப் பின் மீண்டும் படம் எடுத்து, நீர் வற்றியதா என்றும் பார்ப்பார்.

நாம் செய்ய வேண்டியது, தாடையைத் தாங்கியில் வைத்து ஒரு விளக்கை உற்றுப் பார்ப்பதே. கருவி கண்ணைத் தொடாது. ஒரு கண்ணுக்குச் சில விநாடிகள் போதும். பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். அன்று காரோட்ட வேண்டாம். புரை முற்றியிருந்தால் படம் தெளிவாக விழாது.

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951 முதல் இயங்கி வருகிறது. பிரிக்பீல்ட்ஸில் வெள்ளைக் கோலுடன் நடப்பவர்களை நாம் அன்றாடம் காண்கிறோம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே இது 31 விழுக்காட்டுக்கும் மேல். நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை கண்ணைக் காட்டுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் கேட்டால், தேவைக்கேற்பக் கண் மருத்துவரிடம் அனுப்புவார்கள். வீட்டில் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் சன்னல் கம்பிகளைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். கம்பி வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் அடுத்த தவணைக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். இழந்த பார்வையை மீட்பது கடினம். இருப்பதைக் காப்பதற்கு இன்று வழி உண்டு.