நின்றே கெடும் பிரேக்

தில்லியில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் அதனை ஓட்டும் நாள்களைவிட நிறுத்திவைக்கும் நாள்களே மிகுதி. 1964-இல் தொடங்கிய 'ஸ்டேட்ஸ்மன்' பழங்கார் பேரணி போன்ற நிகழ்ச்சிகளுக்காக ஒன்றிரண்டு நாள் வெளியே வரும். பிறகு போர்வைக்குள் உறக்கம். சட்டமும் ஏறத்தாழ அவ்வாறே பணிக்கிறது. 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத காரை 'விண்டேஜ்' எனப் பதிவுசெய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே அது சாலையில் செல்லலாம்.

இவ்வாறு நிற்கும் காரில் முதலில் கெடுபவற்றுள் ஒன்று பிரேக். இரண்டாண்டுகள் பரிவர்த்தனை இல்லாத கணக்கைச் செயலற்றதென நாம் குறித்துவைக்கிறோம். பிரேக் ஆயிலுக்கும் ஏறத்தாழ அதே கெடுதான். கிளைக்கால் வகையைச் சேர்ந்த அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. 'டாட் 4' வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதியாது, 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். தில்லியின் மழைக்காலம் இரண்டைக் கடந்த ஆயில், சிலிண்டரின் உட்புறத்தில் துருவையும் ஏற்படுத்தியிருக்கும்.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொள்வோம். முன்சக்கரங்களுக்கு டிஸ்க், பின்சக்கரங்களுக்கு டிரம். தொடக்கக் காலக் கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் சுற்றுதான். ஓரிடத்தில் பெரிதாகக் கசிந்தால் நான்கும் போயின. ஆகவே சோதனையை வீட்டு வாசலிலேயே, காரை நகர்த்துவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

பெடலை மிதித்துப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். முதல் மிதியில் ஆழமாக இறங்கி, இரண்டாம் மிதியில் உயர்ந்து இறுகினால், டிரம்மிலுள்ள ஷூக்கள் விலகியிருக்கக்கூடும். அவற்றை நெருக்கி அமைக்கலாம். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். அழுத்திப் பிடித்திருக்கையில் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ கசிவு இருக்கலாம். சக்கரத்தின் உட்புறத்தையும் தரையையும் டார்ச் விளக்கால் பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது அறிகுறி தோன்றினால் கார் வாசலைத் தாண்டக் கூடாது.

காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் விடுபடாமல் இறுகியே நிற்பது வேறு வகை. பலரும் உடனே காலிப்பரைக் கழற்றுகிறார்கள். பிஸ்டன் துருப்பிடித்துச் சிக்கியிருப்பதும் உண்டுதான். ஆனால் அதற்குமுன் ரப்பர் ஹோஸைச் சந்தேகிப்பது நன்று. ஆண்டுகள் பலவான ஹோஸ் உட்புறமாக வீங்கி வழியை அடைத்துக்கொள்ளும். கால் தரும் அழுத்தத்தில் ஆயில் உள்ளே போகும், திரும்பி வராது. வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் புதிதுபோலவே இருக்கும். காற்று வெளியேற்றும் திருகைச் சற்றே தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டால் தடை ஆயில் வழியில்தான் இருக்கிறது; விடுபடாவிட்டால் பிஸ்டனைப் பார்க்கலாம்.

காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளில் ரப்பர் பொருள் வாங்கும்போது விலையைக் கேட்பதற்குமுன் தயாரித்த ஆண்டைக் கேட்க வேண்டும். பல்லாண்டு அலமாரியில் இருந்த ரப்பரும் வண்டியில் இருந்ததைப் போன்றதே. எஞ்சின் ஆயிலை அவசரத்துக்கும் பிரேக்கில் ஊற்றலாகாது; ரப்பர் ஊதிவிடும். பிரேக் ஆயில் பெயின்ட் மேல் சிந்தினால் உடனே நீரால் கழுவ வேண்டும். பழைய ஷூக்களில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் டிரம் தூசியை ஊதுவது கூடாது, ஈரத்துணியால் துடைக்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்வதும் கூடாது.

சிலிண்டரைப் பிரிப்பதும் இரும்புக் குழாயை மாற்றுவதும் பழகிய மெக்கானிக்கின் வேலை. அந்தக் கூலியில் மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது. நீண்ட நாள் நிறுத்துகையில் கைப்பிரேக்கை இழுத்து விடாமல், சக்கரங்களுக்கு மரக்கட்டை முட்டுக்கொடுத்து வைத்தால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளாது.